கன்னடியன் கால்வாய் எந்த அலமாரியில்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நூலகங்களைப் பற்றி உங்கள் பத்திரிகையில் அடிக்கடி செய்தி வருகிறது. புதுக் கட்டடம், திறப்பு விழா, இத்தனை ஆயிரம் புத்தகம், இத்தனை நாற்காலி, எல்லாவற்றையும் வாசித்துச் சந்தோஷப்படுகிற ஆள்தான் நான். ஆனால் உள்ளே போன ஒருவர் தனக்கு வேண்டிய புத்தகத்தை எப்படிக் கண்டுபிடிக்கிறார் என்பதைப் பற்றி ஒரு வரி கூட நான் எங்கேயும் பார்த்ததில்லை. அதைப் பற்றித்தான் எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாகப் போகும், முடிந்தால் வெட்டாமல் போடுங்கள்.

சேரன்மகாதேவி பக்கம் ஆற்றங்கரை ஊர் ஒன்றில் இருபத்தாறு வருஷமாக மருந்துக் கடை வைத்திருக்கிறேன். என் தங்கச்சி மகள் பாளையங்கோட்டையில் கல்லூரியில் படிக்கிறாள். போன தை மாசம் அவள் வந்து, "மாமா, கன்னடியன் கால்வாய் பத்தி புராஜெக்ட் பண்ணணும். நெட்ல ரெண்டு பத்திதான் இருக்கு, அதையேதான் எல்லாரும் மாத்தி மாத்திப் போட்டிருக்காங்க. நம்ம ஊர் லைப்ரரில ஏதாவது இருக்குமா?" என்று கேட்டாள். தாமிரபரணி ஆற்றிலிருந்து எங்கள் பக்கத்து வயல்களுக்குத் தண்ணீர் கொண்டுவருகிற பழைய கால்வாய் அது. புத்தகம் இருக்கும் என்று எனக்கு நிச்சயமாகத் தெரியும். பத்துப் பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால், பொதுப்பணித்துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒருவர் தாமிரபரணி அணைக்கட்டுகளைப் பற்றி எழுதிய புத்தகத்தை அங்கே உட்கார்ந்து நானே வாசித்திருக்கிறேன். கோடைமேலழகியான், நதியுண்ணி, கன்னடியன், அரியநாயகிபுரம், பழவூர், சுத்தமல்லி, மருதூர், ஸ்ரீவைகுண்டம் என்று எட்டு அணைக்கட்டுக்கும் வரிசையாக அத்தியாயம் இருந்தது. எந்தக் குளத்துக்கு எந்த மடையில் தண்ணீர் பிரிகிறது என்று கையாலேயே வரைபடம் போட்டிருந்தார். பச்சை அட்டை. ஆசிரியர் பெயர் மறந்து போச்சு, தலைப்பும் மறந்து போச்சு.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் இரண்டு பேரும் போனோம். எந்த ஊர் நூலகம் என்று எழுதவில்லை, ஏனென்றால் அங்கே இருக்கும் நூலகர் மேல் எனக்கு ஒரு குறையும் கிடையாது. பக்கத்து ஊர் நூலகத்தையும் சேர்த்து அவர் ஒருவர்தான் பார்க்கிறார். கதவு திறப்பது, பேப்பர் எடுத்து வைப்பது, புத்தகம் கொடுப்பது, வாங்குவது, கூட்டுவது எல்லாம் அவரே. விஷயத்தைச் சொன்னதும் பெரிய பதிவேட்டை எடுத்து மேசையில் வைத்தார். "எந்த வருஷம் வந்த புத்தகம்னு சொன்னீங்கன்னா பக்கத்தைப் புரட்டிரலாம் அண்ணாச்சி" என்றார். அந்தப் பதிவேட்டில் புத்தகங்கள் வந்த தேதி வரிசையில் இருக்கின்றன. வரிசை எண், தேதி, ஆசிரியர், தலைப்பு, விலை. ஒரு சமையல் புத்தகம், அடுத்து ஒரு நாவல், அடுத்து போட்டித்தேர்வு வழிகாட்டி, அடுத்து பெரிய புராணம். கணக்குக் காட்டுவதற்கு அது போதும். தேடுவதற்கு அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

அப்புறம் அலமாரி அலமாரியாகப் பார்த்தோம். விவசாயத்தில் இல்லை. வரலாற்றில் இல்லை. பொறியியல் என்று எழுதியிருந்த தட்டில் டிப்ளமா மாணவர்களுக்கான பழைய பாடப் புத்தகங்களும் இரண்டு ஜோசிய புத்தகங்களும் இருந்தன. மத்தியானம் கடையைத் திறக்க வேண்டும் என்று நான் கிளம்பப் பார்க்கும்போது, தங்கச்சி மகள் ஆன்மிக அலமாரியின் கடைசித் தட்டில் உட்கார்ந்து தேடிக்கொண்டிருந்தவள் "மாமா, பச்சை அட்டைன்னுதான சொன்னீங்க?" என்றாள். இரண்டு தலபுராணங்களுக்கு நடுவில் இருந்தது. தலைப்பு தாமிரபரணியின் பழைய பெயரான 'பொருநை' என்று ஆரம்பிக்கிறது, அட்டையில் படித்துறைப் படம், பின்னால் கோபுரம். யாரோ பார்த்துவிட்டு சாமி புத்தகம் என்று அங்கே செருகிவிட்டார்கள்.

என்னை எழுத வைத்தது அதற்கு அடுத்து நான் பார்த்ததுதான். புத்தகத்தின் முதுகில் ஒட்டியிருந்த சீட்டு பூச்சி அரித்துப் பாதிதான் இருந்தது. உள்ளே தலைப்புப் பக்கத்துக்குப் பின்னால், நீல மையில், பழைய காலத்து அழகான கையெழுத்தில் 627 என்று எழுதியிருந்தது. என்றைக்கோ ஒரு நூலகர் அந்தப் புத்தகத்தைத் திறந்து, இது எதைப் பற்றியது என்று யோசித்து, அதற்கு ஒரு இடம் குறித்து வைத்திருக்கிறார். அந்த இடம் காகிதத்தில் அப்படியே இருக்கிறது, புத்தகம்தான் அங்கே இல்லை.

627 என்றால் என்ன என்று அன்றைக்கு ராத்திரியே உட்கார்ந்து படித்தேன். அமெரிக்காவில் மெல்வில் டூயி என்பவர் 1876-ல் வெளியிட்ட முறை அது. மனுஷனுக்குத் தெரிந்த விஷயம் அத்தனையையும் பத்தாகப் பிரித்து, ஒவ்வொரு பத்தையும் மறுபடி பத்தாகப் பிரித்து, 000 முதல் 999 வரை எண் கொடுத்தார். 600-களில் தொழில்நுட்பம். 610 மருத்துவம், 620 பொறியியல், 630 வேளாண்மை. 627-ல் அணை, கால்வாய், துறைமுகம். புள்ளி வைத்து இன்னும் நுணுக்கமாகப் போகலாம். தமிழ் இலக்கியம் 894.811, அதில் கவிதை 894.8111, கதையும் நாவலும் 894.8113. இந்த முறையில் குறை இல்லாமல் இல்லை. மதத்துக்கு என்று ஒதுக்கிய 200-களில் 220 முதல் 289 வரை கிறிஸ்தவத்துக்கே போய்விடும், இந்து சமயம் முழுக்க 294.5-க்குள் நெருக்கிக்கொண்டு இருக்கும், இஸ்லாம் 297-ல். கோயிலும் பள்ளிவாசலும் தேவாலயமும் அடுத்தடுத்துத் தெருவில் இருக்கிற எங்கள் மாவட்டத்துக்கு இந்தப் பங்கீடு சரியாக வராது. இருந்தாலும் எண் என்று ஒன்று இருந்து, அந்த எண் வரிசையில் புத்தகம் நின்றால், ஒரே விஷயத்தைப் பற்றிய புத்தகங்கள் பக்கத்தில் பக்கத்தில் வந்துவிடும். ஒன்றைத் தேடிப் போகிற ஆளுக்கு, தான் கேள்விப்பட்டே இராத இன்னும் நாலு புத்தகம் கண்ணில் படும்.

சரி, 627-ல் ஒழுங்காக வைத்திருந்தால் மட்டும் எங்களுக்குக் கிடைத்திருக்குமா? யோசித்துப் பார்த்தேன், சந்தேகம்தான். நான் பொறியியலில் கடைசியாகத்தான் தேடினேன். கன்னடியன் கால்வாயைப் பற்றித் தேடுகிற ஒரு ஆள் எங்கே எல்லாம் போவார்? வாய்க்கால் பாசனம் என்று விவசாயத்துக்குப் போவார். ராஜா காலத்தில் வெட்டியது என்று 954-க்கு, இந்திய வரலாற்றுக்குப் போவார். ஒரு பசு நடந்து போன வழியிலேயே கால்வாயை வெட்டினார்கள் என்று எங்கள் பக்கம் சொல்லும் கதை ஒன்று உண்டு, அதை நினைத்து 398-க்கு, நாட்டார் கதைகளுக்குப் போவார். நாலு இடமும் சரிதான். ஆனால் ஒரு புத்தகம் ஒரு தட்டில்தானே நிற்க முடியும்? அந்தச் சிக்கலைத் தீர்க்கத்தான் நூற்பட்டியல் என்று ஒன்று வைத்தார்கள். புத்தகம் ஒரு இடத்தில் நிற்கும், அதைப் பற்றிய குறிப்பு பட்டியலில் ஏழெட்டு இடத்தில் நிற்கும். ஆசிரியர் பெயரில் ஒன்று, தலைப்பில் ஒன்று, கால்வாய் என்று ஒன்று, பாசனம் என்று ஒன்று, தாமிரபரணி என்று ஒன்று, 'பொருநை என்றால் தாமிரபரணியைப் பார்க்க' என்று ஒன்று.

எனக்கு இது சட்டென்று விளங்கியதற்குக் காரணம் என் தொழில். கடையில் மாத்திரைகளை எழுத்து வரிசையில் அடுக்கியிருப்போம், சிரப் தனி, களிம்பு தனி, இன்சுலின் பிரிட்ஜில். ஒரு மாத்திரைக்கு ஒரு இடம்தான். ஆனால் வருகிற ஆள் எப்படி எப்படியோ கேட்பார். ஒருவர் குரோசின் என்பார், ஒருவர் டோலோ என்பார், ஒருவர் கால்பால் என்பார், சீட்டில் டாக்டர் பாராசிட்டமால் என்று எழுதியிருப்பார், ஒரு ஆச்சி வந்து "காய்ச்சலுக்குப் போன வாட்டி தந்தியே, அந்த வெள்ளை மாத்திரை" என்பாள். ஐந்தும் ஒரே மருந்து என்று கவுண்டரில் நிற்கிறவனுக்குத் தெரிந்திருக்க வேண்டும். தெரியாத பையன் நின்றால் "டோலோ இல்லையே" என்று ஆளைத் திருப்பி அனுப்பிவிடுவான், பக்கத்துத் தட்டில் கால்பால் நிறைய இருக்கும். எங்கள் நூலகத்தில் இருந்து அப்படித் திரும்பிப் போனவர்கள் எத்தனை பேர் இருப்பார்கள்?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பாளையங்கோட்டையில் நான் படித்த காலத்தில் ஒரு நூலகத்தில் அந்தக் கார்டுப் பெட்டியைப் பார்த்திருக்கிறேன். தேக்கு மர இழுப்பறைகள், ஒவ்வொன்றின் முகப்பிலும் பித்தளைச் சட்டத்துக்குள் 'அ - ஆ', 'இ - ஈ' என்று சீட்டு. இழுத்தால் உள்ளங்கை அகலத்தில் கெட்டியான அட்டைகள், கீழே துளை போட்டு நீளமாக ஒரு கம்பி கோத்திருக்கும், அட்டையை உருவி எடுத்துக்கொண்டு போக முடியாது. அட்டைகளின் மேல் விளிம்பு எல்லாம் விரல் பட்டுப் பட்டுப் பழுப்பேறி இருக்கும். அதிகம் பேர் தேடின இடம் எது என்று அந்தப் பழுப்பை வைத்தே சொல்லிவிடலாம். எனக்கு மருந்துச் செடிகள் பற்றி ஒரு புத்தகம் வேண்டியிருந்தது. 'மூலிகை' என்ற அட்டைக்குக் கீழே சித்த மருத்துவப் பாடல் நூல்களும் இருந்தன. பாட்டாக இருப்பதால் அவை செய்யுள் வரிசையில் நிற்கும் என்று அங்கே குறிப்புப் போட்டிருந்தார்கள். அந்தக் குறிப்பு இல்லாவிட்டால் ஒரு மருத்துவ மாணவன் செய்யுள் அலமாரிப் பக்கம் எதற்குப் போகப் போகிறான்? அந்தப் பெட்டிகள் இப்போது பல இடங்களில் இல்லை. கம்ப்யூட்டர் வரப்போகிறது என்று எடுத்தார்கள். எங்கள் ஊர் மாதிரி நூலகங்களில் பெட்டியும் இல்லை, அதற்குப் பதிலாக வர வேண்டியதும் வரவில்லை.

நமக்கு இதெல்லாம் வெளியூர் சமாச்சாரம் என்று யாரும் நினைக்க வேண்டாம். உ.வே.சாமிநாதையர் ஏடு தேடி திருநெல்வேலிக்கு வந்தபோது கவிராயர் வீட்டில் பார்த்ததைத் தன் வாழ்க்கை வரலாற்றில் எழுதியிருக்கிறார். அவர் பத்துப்பாட்டை 1889-ல் பதிப்பித்தவர், அதற்காக அலைந்த அலைச்சல் ஊருக்கே தெரியும். எத்தனையோ ஊர்களில் பரணிலும் மூட்டையிலும் செல்லரித்துக் கிடந்த ஏடுகளைப் பார்த்து நொந்து போனவர், நம்ம ஊர் வீட்டில் புழுதி இல்லாமல், பூச்சி இல்லாமல், ஒன்றோடு ஒன்று கலக்காமல் ஒழுங்காக அடுக்கி வைத்திருந்ததைக் கண்டு மனம் குளிர்ந்து போனார். கலக்காமல் என்பதுதான் முக்கியம். கட்டுக் கட்டாக ஏடு பல வீடுகளில் இருந்தது, ஒரு கட்டில் முதல் பாதியும் இன்னொரு கட்டில் மறு பாதியும் கிடந்தால் அது இருந்தும் பிரயோஜனம் இல்லை.

உலகத்துக்கே நூலகவியல் சொல்லிக்கொடுத்த மனுஷரும் நம்மவர்தான். சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர்.ரங்கநாதன், கணக்கு வாத்தியார். 1924-ல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் நூலகரானார். வேலை பிடிக்காமல் திரும்பவும் வகுப்புக்கே போய்விட வேண்டும் என்று நின்றவரை லண்டனுக்குப் படிக்க அனுப்பினார்கள். அங்கே ஒரு கடையில் குழந்தைகள் திருகாணி போட்டுப் பூட்டி விதவிதமாகச் செய்கிற மெக்கானோ பொம்மையைப் பார்த்தபோதுதான் அவருக்கு யோசனை வந்தது. ஒரு விஷயத்துக்கு முன்கூட்டியே ஒரே ஒரு பெட்டியைச் செய்து வைப்பதற்குப் பதில், அதைத் துண்டு துண்டாகப் பிரித்து, பயிர் எது, அதற்கு என்ன செய்கிறோம், எந்த ஊரில், எந்தக் காலத்தில் என்று பகுதிகளைச் சேர்த்து எண்ணை உருவாக்கலாம். இடையில் முக்காற்புள்ளி போட்டுச் சேர்த்ததால் அதற்குக் கோலன் பகுப்பு முறை என்று பெயர், 1933-ல் வெளிவந்தது. வாழை, நோய், களக்காடு என்று மூன்றையும் சேர்த்துக் கேட்கிற விவசாயிக்கு அந்த மூன்றும் சேர்ந்த இடம் கிடைக்க வேண்டும் என்பதுதான் அதன் உயிர். அவர் 1931-ல் எழுதிய ஐந்து விதிகளில் நாலாவது, வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்து என்பது. எங்களுக்கு அன்றைக்குப் போனது முழுசாக மூன்று மணி நேரம்.

அவர் பாடுபட்டதால்தான் 1948-ல் சென்னை மாகாணத்தில் பொது நூலகச் சட்டம் வந்தது, சுதந்திர இந்தியாவில் அதுதான் முதல் நூலகச் சட்டம். அந்தச் சட்டத்தால்தான் நாம் வீட்டு வரி கட்டும்போது ரூபாய்க்குப் பத்துப் பைசா நூலக வரி கட்டுகிறோம். ரசீதை எடுத்துப் பாருங்கள், தனி வரியில் இருக்கும். ஆயிரம் ரூபாய் வீட்டு வரி என்றால் நூறு ரூபாய். சின்னப் பணம் இல்லை, நூலகம் பக்கமே போகாதவர்களும் கட்டுகிற பணம் அது. அதனால் கேட்க எனக்கு உரிமை இருக்கிறது என்று நினைக்கிறேன். புத்தகம் வாங்கப் பணம் ஒதுக்குகிறோம், கட்டடத்துக்கு ஒதுக்குகிறோம், வாங்கின புத்தகத்துக்கு எண் போட்டு, பட்டியலில் ஏற்றி, தட்டில் சரியான இடத்தில் வைக்கிற வேலைக்கு ஆளும் நேரமும் ஒதுக்கியிருக்கிறோமா?

கம்ப்யூட்டரில் ஏற்றிவிட்டால் போதும் என்று சிலர் சொல்கிறார்கள். மென்பொருளுக்குப் பஞ்சமே இல்லை. நியூசிலாந்தில் ஒரு சின்ன நூலகத்துக்காகச் செய்த கோஹா 2000-லிருந்து உலகம் முழுக்க இலவசமாகக் கிடைக்கிறது, நம் தேசிய தகவல் மையம் செய்த இ-கிரந்தாலயா இருக்கிறது. ஆனால் தமிழ்ப் புத்தகங்களை ஏற்றும்போது சில விஷயங்களை நாம்தான் உட்கார்ந்து பார்க்க வேண்டும். என் கடைக் கணினியில் மருந்துப் பெயர்களைத் தமிழில் அடித்து வரிசைப்படுத்திப் பார்த்தபோது எனக்கே தெரிந்தது. நம் அகராதியில் மலை முதலில் வரும், மனம் பிறகு வரும், ஏனென்றால் ன கடைசி எழுத்து. கணினி எழுத்துகளுக்கு எண் கொடுக்கிற யூனிகோடு அட்டவணையில் ன-வை ந-வுக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறார்கள், ற-வை ர-வுக்குப் பக்கத்தில். வெறும் குறியீட்டு எண்ணை வைத்து வரிசைப்படுத்தினால் மனம் முன்னால் போய்விடும், மலை பின்னால் போய்விடும். புள்ளி வைத்த எழுத்தும் அப்படித்தான். அகராதியில் பக்கம் என்ற சொல்லுக்குப் பிறகுதான் பகல் வரும், கணினி பகலை முதலில் போடும். தமிழ் அகரவரிசை தெரிந்த மென்பொருளாகப் பார்த்து வாங்கினால், அல்லது இருக்கிற மென்பொருளில் அந்த அமைப்பைப் போட்டால் சரியாகிவிடும். யாராவது ஒருவர் கவனிக்க வேண்டும், அவ்வளவுதான்.

பெயர்ச் சிக்கல் இதைவிடப் பெரிசு. நம்ம திருநெல்வேலிக்காரர் வண்ணதாசன் கதைகளை அந்தப் பெயரில் எழுதுகிறார், கவிதைகளைக் கல்யாண்ஜி என்ற பெயரில் எழுதுகிறார். கதை 894.8113-ல் நிற்கும், கவிதை 894.8111-ல் நிற்கும், இரண்டு பெயரும் ஒரே ஆள் என்று பட்டியல் சொல்லாவிட்டால் புதுசாக வாசிக்க வருகிற பிள்ளைக்கு எப்படித் தெரியும்? இடையன்குடியில் இருந்த கால்டுவெல்லை எடுத்துக்கொள்ளுங்கள். 1856-ல் எழுதிய ஒப்பிலக்கணம் மொழியியலில் நிற்கும், 1881-ல் எழுதிய திருநெல்வேலி வரலாறு வரலாற்றில் நிற்கும். கால்டுவெல் என்று ஒருவர் அடிப்பார், கால்ட்வெல் என்று ஒருவர் அடிப்பார். ஒரு எழுத்து மாறினால் 'நூல் இல்லை' என்று திரையில் வந்துவிடும். சரி, இல்லை போல என்று ஆள் எழுந்து போய்விடுவார்.

ஊர்ப் பெயரும் இப்படித்தான். வெள்ளைக்காரர் காலத்து ஆங்கிலப் புத்தகங்களில் நம் ஊர் டின்னவேலி. கால்டுவெல் எழுதியதிலும் அந்தப் பெயர்தான், 1917-ல் பேட் எழுதிய மாவட்டக் கெசட்டியரிலும் அதுதான். திருநெல்வேலி என்று ஆங்கிலத்தில் இன்றைய எழுத்துக்கூட்டில் தேடினால் இரண்டும் வராது. அது மட்டும் இல்லை, அந்தப் புத்தகங்களில் திருநெல்வேலி என்றால் தூத்துக்குடியும் தென்காசியும் சேர்ந்தது. தூத்துக்குடி 1986-ல் பிரிந்தது, தென்காசி 2019-ல் பிரிந்தது. குற்றாலத்தைப் பற்றித் தேடுகிற தென்காசிப் பிள்ளை பழைய நெல்லைப் புத்தகத்தில்தான் பார்க்க வேண்டும், அதை அவளுக்குச் சொல்ல ஆள் வேண்டும், அல்லது பட்டியலில் ஒரு வரி வேண்டும். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் பழைய புத்தகங்கள் ஆயிரக்கணக்கில் வீட்டிலிருந்தே வாசிக்கக் கிடைக்கின்றன, நான் ராத்திரி கடை அடைத்துவிட்டு அதில்தான் கிடக்கிறேன். அங்கேயும் என்ன சொல் போட்டுத் தேட வேண்டும் என்று தெரிந்தவனுக்குத்தான் புத்தகம் வரும்.

2023 டிசம்பர் 17, 18-ல் பெய்த மழையில் எங்கள் கடைக்குள் முழங்கால் தண்ணீர். கீழ்த்தட்டு மருந்து எல்லாம் போச்சு. ஆனால் என்ன போச்சு என்று இரண்டு நாளில் எழுதிக் கொடுக்க முடிந்தது, ஸ்டாக் பட்டியல் கணினியில் இருந்தது, அதன் நகல் மகன் போனிலும் இருந்தது. நூலகம் என்ன செய்திருக்கும் என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை, இப்போது தோன்றுகிறது. அந்த ஒற்றைப் பதிவேடு நனைந்திருந்தால் நம்மிடம் என்ன இருந்தது என்பதே யாருக்கும் தெரியாமல் போயிருக்கும்.

அதனால் மாவட்ட நூலக ஆணைக்குழுவுக்கு உங்கள் பத்திரிகை வழியாக வைக்கிற கோரிக்கை இது. மாவட்டத்தில் இருக்கிற கிளை நூலகங்கள், ஊர்ப்புற நூலகங்கள், பகுதி நேர நூலகங்கள் எல்லாவற்றின் புத்தகங்களையும் ஒரே பட்டியலில் ஏற்றி, வீட்டிலிருந்து போனில் தமிழில் தேடிப் பார்க்கிற மாதிரி வையுங்கள். எங்கள் ஊரில் இல்லாத புத்தகம் வீரவநல்லூரில் இருந்தால் பஸ் ஏறிப் போய்க்கொள்வோம். தலைப்பும் ஆசிரியரும் மட்டும் போட்டு நிறுத்திவிடாதீர்கள், எதைப் பற்றிய புத்தகம் என்று நாலைந்து பொருள் சொற்கள் போடுங்கள், பொருநைக்கும் தாமிரபரணிக்கும் முடிச்சுப் போடுங்கள். ஒவ்வொரு நூலகத்திலும் நம் வட்டாரத்தைப் பற்றிய புத்தகங்களுக்கு என்று ஒரு தட்டு தனியாக வேண்டும். பத்தமடைப் பாய், காருகுறிச்சி நாகஸ்வரம், முக்கூடல் பீடித் தொழில் என்று கேட்டு வருகிற பிள்ளைகளுக்கு அங்கே கை காட்டலாம். ஆள் இல்லை என்பீர்கள், எனக்கும் தெரியும். மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தில் நூலகவியல் படிக்கிற பிள்ளைகளை ஒரு பருவத்துக்கு நூலகத்துக்கு இருவராக அனுப்பினால் அவர்களுக்கும் பயிற்சி, நூலகருக்கும் ஒத்தாசை. வாசகர் வட்டம் இருக்கிற ஊர்களில் எங்களை மாதிரி ஆட்களும் வந்து உட்காரத் தயார்.

வாசகர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். எடுத்துப் பார்த்த புத்தகத்தை நீங்களே திரும்பத் தட்டில் செருகாதீர்கள். உதவி செய்கிறோம் என்று நினைத்துத்தான் செய்கிறோம், நானும் செய்திருக்கிறேன். மேசையிலேயே வைத்துவிட்டு வாருங்கள். இடம் மாறி நிற்கிற புத்தகம் திருட்டுப் போன புத்தகம் மாதிரிதான், திருட்டுப் போனதாவது கணக்கெடுப்பில் தெரியும்.

பச்சை அட்டைப் புத்தகத்தைத் தங்கச்சி மகள் படித்து முடித்துவிட்டாள். கன்னடியன் அத்தியாயத்தில் இருந்த வரைபடத்தைப் பார்த்து ஒரு பெரிய சார்ட்டில் வரைந்திருக்கிறாள், மடை பெயர் எல்லாம் எழுதி. புத்தகம் இப்போது என் கடை மேசையில் இருக்கிறது, வருகிற பதினைந்தாம் தேதி திருப்பிக் கொடுக்க வேண்டும். முதுகில் புதுச் சீட்டு ஒட்டி 627 என்று எழுதி வைத்திருக்கிறேன், நூலகரிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதினேன். அதை எங்கே வைக்க என்று அவரிடம் கேட்டேன். ஜோசிய புத்தகங்களை எடுத்துவிட்டு அந்தத் தட்டைக் காலி பண்ணி வைப்பதாகச் சொன்னார்.

இப்படிக்கு,
மருந்துக் கடைக்காரர் ஒருவர்,
சேரன்மகாதேவி வட்டம், திருநெல்வேலி மாவட்டம்.